அளந்தாலும் அகப்படாத பாதரசம்

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் மைண்ட் நிறுவனம் 2009 அக்டோபரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள 452 குழந்தைகளின் ரத்தத்தில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த ஆய்வு அளந்தது. அவர்களில் 249 பேர் ஆட்டிசம் கொண்டவர்கள். 60 பேருக்கு வேறு வகையான வளர்ச்சித் தாமதம். 143 பேர் இயல்பாக வளர்பவர்கள். முதல் கணக்கில் ஆட்டிசக் குழந்தைகளின் ரத்தத்தில் பாதரசம் குறைவாகத் தெரிந்தது. காரணம் மீன். மனிதர் ரத்தத்தில் காணும் பாதரசத்தில் பெரும்பகுதி மீன் உணவின் வழியே வருவது. உணவில் கடுமையான விருப்பு வெறுப்பு கொண்ட ஆட்டிசக் குழந்தைகள் மீனைக் குறைவாகவே தின்றிருந்தார்கள். அந்த வேறுபாட்டைக் கணக்கில் சரிசெய்ததும் ஆட்டிசக் குழந்தைகளும் இயல்பாக வளர்பவர்களும் ஒரே அளவில் நின்றார்கள்.

பெற்றோரில் ஒரு சாரார் இந்த முடிவை ஏற்கவில்லை. அவர்கள் சொன்னதன் சாரம் இது: ரத்தம் அண்மையில் உடலுக்குள் வந்ததை மட்டுமே காட்டும். கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி வழியே ஏறிய பாதரசம் ரத்தத்தை விட்டு எப்போதோ போயிருக்கும். அது மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். ஆட்டிசக் குழந்தையின் உடல் பாதரசத்தை வெளியேற்ற இயலாத உடல். ஆகவே ரத்தத்திலும் முடியிலும் அளவு குறைந்திருந்தால், உள்ளே சிக்கிக் கிடக்கிறது என்பதற்கு அதுவே சான்று. உலோகத்தைப் பற்றி இழுக்கும் மருந்தைக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தால் உண்மை வெளிப்படும். ஆய்வாளர்கள் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடுகிறார்கள்.

அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் பலவற்றில் கால் நூற்றாண்டாக வேரூன்றிய கருத்து இது. மருத்துவர் சிலர் இதை வைத்துச் சிகிச்சை நடத்தினார்கள். அரசியலும் இதை எடுத்துக்கொண்டது. இதன் முதல் வாக்கியம் சரி. அதிலிருந்து கட்டி எழுப்பிய முடிவுகள் தவறு.

முதல் வாக்கியம் சரி என்பதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மீனில் உள்ள மெத்தில் பாதரசம் மனித ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். தடுப்பூசியில் இருந்தது எத்தில் பாதரசம். அது இன்னும் விரைவாக ரத்தத்தை விட்டு நீங்கும். அர்ஜென்டினாவில் கைக்குழந்தைகளிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில் அது பாதியாகக் குறைய 3.7 நாளே ஆனது. ஒரு மாதத்துக்குள் ரத்த அளவு ஊசிக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பியது. நான்கு வயதுக் குழந்தையின் ரத்தம், ஆறு மாதத்தில் போட்ட ஊசியைப் பற்றி எதையும் சொல்லாது. ஆய்வின் தலைவர் இர்வா ஹெர்ட்ஸ்-பிச்சியோட்டோவும் குழுவினரும் இதை மறைக்கவில்லை. பாதரசம் ஆட்டிசத்தை உண்டாக்குகிறதா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு விடை தரவில்லை என்று அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். இந்த ஆய்வைக் காட்டிப் பாதரசக் கருதுகோள் பொய்த்தது என்று சொன்னவர்கள், ஆய்வு சொல்லாததைச் சொன்னார்கள். அந்த இடத்தில் பெற்றோரின் கண்டனம் நியாயமானது. மைண்ட் நிறுவனமே 1998-இல் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் முன்னின்று தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட பெற்றோரை அறிவியலுக்குப் பகைவர் என்று ஒதுக்குவது வரலாறு தெரியாத பேச்சு.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1928-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் டிப்தீரியா தடுப்பு மருந்து செலுத்தப்பட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். பல முறை ஊசி குத்தி எடுத்த குப்பிக்குள் பாக்டீரியா புகுந்து பெருகியிருந்தது. அதைத் தடுக்கும் பொருள் எதுவும் மருந்தில் சேர்க்கப்படவில்லை. இத்தகைய சாவுகளைத் தவிர்க்கவே பல டோஸ் குப்பிகளில் தைமரோசல் சேர்க்கும் வழக்கம் 1930-களில் வந்தது. எடையில் ஏறத்தாழ பாதி பாதரசமான சேர்மம் அது; மேலே சொன்ன எத்தில் பாதரசம் இதிலிருந்தே வந்தது. ஒவ்வோர் ஊசியிலும் அளவு மிகச் சிறிது என்பதால் மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. தடுப்பூசி அட்டவணை நீண்டுகொண்டே போனது. 1997-இல் வந்த ஒரு சட்டத்தின்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கூட்டிப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்கு 187.5 மைக்ரோகிராம் வரை பாதரசம் சேர வாய்ப்பு உண்டு என்று தெரிந்தது. மெத்தில் பாதரசத்துக்கு அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்பை அது தாண்டியது. 1999 ஜூலையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பொதுச் சுகாதாரத் துறையும் முன்னெச்சரிக்கையாகத் தைமரோசலை நீக்கக் கோரின.

நீக்கியது சரியான முடிவு. ஆனால் அதைத் தாய்மாருக்கு விளக்கியவர் குறைவு. தீங்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு பொருளை அவசரமாக அகற்றினால், அந்தச் செயல் குற்ற ஒப்புதலாகத்தான் தோன்றும். ஒன்றரை வயதில் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்ததைக் கண்ட பெற்றோருக்கு, தேடிக்கொண்டிருந்த காரணம் அரசின் அறிக்கையிலேயே கிடைத்தது போல் இருந்தது. 2001-இல் பெற்றோர் சிலர் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஆட்டிசம் என்பதே புதுவகைப் பாதரச நஞ்சூட்டல் என்ற கருதுகோளை மருத்துவ இதழ் ஒன்றில் முன்வைத்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அதை உடனே தள்ளிவிடவில்லை. உயிரியல் நோக்கில் நடக்கக்கூடியதே, சான்று போதவில்லை என்றது. அதன் பின்னரே சான்றுகள் திரண்டன.

இனி அளவைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனை பழையதைக் காட்டாது என்ற கண்டனம் இருபுறமும் வெட்டும். ஹாங்காங்கில் 82 ஆட்டிசக் குழந்தைகளையும் 55 மற்றக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ரத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. அயோவாவைச் சேர்ந்த உளவியலாளர் டிசோட்டோவும் ஹிட்லனும் மூலத் தரவை வாங்கிச் சரிபார்த்து, புள்ளியியல் கணக்கில் பிழை இருப்பதை 2007-இல் காட்டினார்கள். ஆய்வாளர்களும் திருத்தம் வெளியிட்டார்கள். அறிவியலில் இப்படித்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்தத் திருத்தம் உடனே பாதரசக் கருதுகோளின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. கலிபோர்னிய ரத்தம் பழைய நஞ்சைக் காட்டாது என்றால் ஹாங்காங் ரத்தமும் காட்டாது. ஒரே வகைச் சோதனையைச் சாதகமாக வந்தால் சான்றாகவும் பாதகமாக வந்தால் பயனற்றதாகவும் கொள்ள முடியாது. மேலும் ஹாங்காங்கில் இரு பிரிவினரின் சராசரி லிட்டருக்கு 19.53 நானோமோலும் 17.68 நானோமோலும், இடைவெளி பத்தில் ஒரு பங்கு. மீன் மிகுதியாக உண்ணும் அந்நகரத்தில் ஆட்டிசம் இல்லாத குழந்தையின் ரத்தத்திலேயே, கலிபோர்னியாவின் ஆட்டிசக் குழந்தையின் ரத்தத்தில் இருந்ததைப் போலப் பல மடங்கு பாதரசம் இருந்தது. ரத்தத்தில் உள்ள பாதரசம் ஆட்டிசத்துக்கு அளவுகோல் என்றால் இந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

முடியின் கதை இன்னும் முக்கியமானது. பாதரசத்தை வெளியேற்ற இயலாத குழந்தை என்ற கருத்து அதிலிருந்துதான் பிறந்தது. ஹோம்ஸ், பிளாக்சில், ஹேலி ஆகிய மூவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் முதல் முடி வெட்டிலிருந்து பெற்றோர் எடுத்து வைத்திருந்த மயிரைச் சோதித்தார்கள். 94 ஆட்டிசக் குழந்தைகளின் சராசரி பத்து லட்சத்தில் 0.47 பங்கு, 45 மற்றக் குழந்தைகளின் சராசரி 3.63 பங்கு. ஆட்டிசம் கடுமையாக ஆக ஆக முடியில் பாதரசம் குறைந்தது. நஞ்சு மிகுந்திருக்கும் என்று தேடியவர்களுக்கு நேர்மாறான விடை கிடைத்தது. நஞ்சு உள்ளேயே நின்றுவிட்டதால் முடிக்கு வரவில்லை என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

இந்த விளக்கம் இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது, முடி ஒரு கழிவு வாய்க்கால் அல்ல. உடலில் நுழைந்த மெத்தில் பாதரசம் பெரும்பாலும் பித்தத்தின் வழியே குடலுக்குப் போய் மலத்தில் வெளியேறுகிறது. முடி வளரும் நாளில் ரத்தத்தில் என்ன இருந்ததோ அது முடியில் பதிகிறது, அவ்வளவே. 1971-72 குளிர்காலத்தில் ஈராக்கில் பாதரசம் பூசிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுத் தின்று 6,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 459 பேர் அங்கே இறந்தார்கள். கருவுற்றிருந்த தாய்மாரின் உடலில் எவ்வளவு நஞ்சு ஏறியது என்பதை ஆய்வாளர்கள் கணித்தது அவர்களின் தலைமுடியை அளந்துதான். உடலில் மிகுந்தால் முடியிலும் மிகும். முடியில் குறைவென்றால், அந்நாள்களில் ரத்தத்திலும் குறைவு என்று பொருள்.

இரண்டாவது உடைப்பு எளிமையானது. அமெரிக்க அரசு நாடு முழுதும் நடத்திய உடல்நலக் கணக்கெடுப்பில், 1999-2000 ஆண்டுகளில், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் முடியில் பாதரசத்தின் சராசரி பத்து லட்சத்தில் 0.22 பங்கு. ஹோம்ஸ் ஆய்வின் ஆட்டிசக் குழந்தைகள் அந்தச் சராசரிக்கு மேலே, ஏறத்தாழ இரு மடங்கில் இருக்கிறார்கள். வெகுதூரம் விலகி நிற்பவர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்த 45 குழந்தைகள். அவர்களின் அளவு நாட்டுச் சராசரியைப் போலப் பதினாறு மடங்கு. விளக்கம் தேவைப்பட்டது ஆரோக்கியமான குழந்தைகளின் அந்தப் பெருத்த எண்ணுக்கு. அதை ஆராயாமல், இயல்புக்கு நெருங்கிய எண்ணைக் கொண்டிருந்த ஆட்டிசக் குழந்தைகளுக்கு இல்லாத ஒரு குறைபாடு சூட்டப்பட்டது.

பால் பற்களிலும் தேடினார்கள். 2007-இல் ஒரு சிறிய ஆய்வு ஆட்டிசக் குழந்தைகளின் பற்களில் இரு மடங்கு பாதரசம் கண்டது. சோதித்தது ஆட்டிசம் கொண்ட 15 குழந்தைகளையும் மற்ற 11 குழந்தைகளையும் மட்டுமே. 2012-இல் பல் எனாமலைச் சோதித்த வேறோர் ஆய்வு வேறுபாடு காணவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முடியில் குறைந்தால் சான்று. பல்லில் மிகுந்தால் சான்று. ரத்தத்தில் சமமாக இருந்தால் சோதனையே பிழை. எந்த எண் வந்தாலும் தளராத கருத்துக்கு எண்கள் தேவையே இல்லை. அளந்து பார்க்கச் சொல்லும் உரிமையும் அதற்கு இல்லை.

மிகுந்த தீங்கு விளைவித்தது சிறுநீர்ச் சோதனை. டி.எம்.எஸ்.ஏ. என்பது ஈய நஞ்சுக்குக் கொடுக்கும் மருந்து. உடலில் உள்ள உலோக அணுக்களைப் பற்றிச் சிறுநீரில் இறக்குவது அதன் வேலை. மீன் தின்னும், பல்லில் பாதரசக் கலவை அடைத்த, நிலக்கரிப் புகை கலந்த காற்றைச் சுவாசிக்கும் எந்த மனிதரின் சிறுநீரகத்திலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. டி.எம்.எஸ்.ஏ. விழுங்கியவுடன் அது சிறுநீரில் ஏறும். இது யாருக்கும் நடக்கும். அந்தச் சிறுநீரை ஆய்வகம் அளந்து, மருந்து எதுவும் விழுங்காத மக்களுக்கு வகுத்த அளவோடு ஒப்பிட்டு, சிவப்புப் பட்டையில் குறித்து அனுப்பியது. அந்தத் தாளைப் பெற்ற தாய் தன் பிள்ளைக்கு நஞ்சேறியது என்று நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்? எண் இருந்தது, பட்டை இருந்தது, ஆய்வகத்தின் முத்திரை இருந்தது. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்தச் சோதனையைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றி எழுதியது: அறிவியல் வழியில் சரிபார்க்கப்படாதது, பயன் எதுவும் மெய்ப்பிக்கப்படாதது, தீங்கு விளைவிக்கக்கூடியது. மருந்து கொடுக்காமல் ஆட்டிசக் குழந்தைகளின் சிறுநீரைப் பிரிட்டனில் ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில் மற்றக் குழந்தைகளோடு வேறுபாடு இல்லை.

பாதரசக் கருத்தினரிடம் இருக்கும் வலுவான சான்று குரங்குகளிடமிருந்து வந்தது. அதைத் தவிர்த்துவிட்டு எழுதும் மறுப்பு நேர்மையானது ஆகாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பர்பாக்கர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மக்காக் குரங்குக் குட்டிகளில் ஒரு பிரிவுக்குத் தைமரோசல் சேர்த்த தடுப்பூசியும், இன்னொரு பிரிவுக்கு வாய்வழியே மெத்தில் பாதரசமும் கொடுக்கப்பட்டன. தைமரோசல் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய 6.9 நாள், மெத்தில் பாதரசத்துக்கு 19.1 நாள். மூளைக்குச் சென்ற மொத்தப் பாதரசமும் தைமரோசல் பிரிவில் மிகக் குறைவு. ஆனால் அங்கே சென்றதில் 34 விழுக்காடு கனிமப் பாதரசமாக மாறியிருந்தது. மற்றப் பிரிவில் 7 விழுக்காடே. கனிமப் பாதரசம் மூளையை விட்டு எளிதில் அகலாது. ரத்தத்தை விட்டுப் போனது உடலை விட்டுப் போனதாகாது என்ற பெற்றோரின் வாதத்துக்கு இது உண்மையான ஆதரவு.

அடுத்த கேள்வி, அவ்வளவு பாதரசம் தங்கினால் என்ன ஆகும் என்பது. பர்பாக்கரின் ஆய்வு குரங்குகளின் நடத்தையைச் சோதிக்கவில்லை. அதைச் சோதித்த ஆய்வு 2015-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. 79 ஆண் மக்காக் குட்டிகளுக்கு, தைமரோசல் நிறைந்திருந்த 1990-களின் அட்டவணையும் பிந்தைய அட்டவணையும் பின்பற்றி ஊசி போட்டு, நடத்தையைக் கவனித்து, பின் மூளையை வெட்டிச் சிறுமூளை, ஹிப்போகேம்பஸ், அமிக்டலா ஆகியவற்றை ஆராய்ந்தார்கள். ஆட்டிசத்தைப் போன்ற நடத்தையும் இல்லை; மூளையில் மாற்றமும் இல்லை. இதற்குப் பணம் தந்தவர்களில் சேஃப்மைண்ட்ஸ் அமைப்பும் ஒன்று. பாதரசக் கருதுகோளை முன்னெடுத்த பெற்றோரின் அமைப்பு அது. மருந்து நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வு என்று தள்ளிவிட முடியாத விடை இது.

இவை எல்லாவற்றையும் விட நேரான வழி வேறொன்று உண்டு. பெற்றோர் கேட்டது கைக்குழந்தைப் பருவத்தில் ஏறிய பாதரசத்தின் கணக்கு. அதை ரத்தத்திலோ முடியிலோ தேட வேண்டியதில்லை. எந்தக் குழந்தைக்கு எந்த நாளில் எந்த நிறுவனத்தின் ஊசி எத்தனை போடப்பட்டது என்பது மருத்துவப் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பாதரசம் எத்தனை மைக்ரோகிராம் என்பதும் தெரியும். நான்கு வயதுக் குழந்தையின் உடல் மறந்துபோனதை ஏடு மறக்கவில்லை. அமெரிக்காவில் 256 ஆட்டிசக் குழந்தைகளையும் 752 மற்றக் குழந்தைகளையும் இந்த முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளிவந்தது. தாய் கருவுற்றிருந்தபோது பெற்ற ஊசிகள் தொடங்கி இருபது மாத வயது வரை கணக்கெடுத்தும், தைமரோசல் மிகுந்தவர்களிடம் ஆட்டிசம் மிகவில்லை.

டென்மார்க்கில் 1990 முதல் 1996 வரை பிறந்த 4,67,450 குழந்தைகளை ஆராய்ந்த ஹ்விட் குழுவின் ஆய்வு 2003-இல் வெளியானது. அந்நாடு தைமரோசலை 1992-இல் கைவிட்டதால், இருந்த ஊசி பெற்றவர்களும் இல்லாத ஊசி பெற்றவர்களும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் கிடைத்தார்கள். இரு பிரிவிலும் ஆட்டிசம் ஒரே அளவில் இருந்தது. டென்மார்க் ஆய்வு என்றாலே பெற்றோர் அமைப்புகள் ஒரு மறுமொழி வைத்திருக்கின்றன: அந்நாட்டு ஆய்வாளர் ஒருவர் மீது 2011-இல் அமெரிக்காவில் நிதி மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது. அவர் பங்குகொண்டது வேறோர் ஆய்வில். நாட்டின் ஆட்டிச எண்ணிக்கை ஆண்டுதோறும் எப்படி மாறியது என்று பார்த்த ஆய்வு அது. அதில் வெளிநோயாளர் கணக்கு இடையில் சேர்க்கப்பட்டதால் உண்மையாகவே ஒரு குறை உண்டு. அந்த ஆய்வை முழுதாக விலக்கிவிட்டாலும் ஹ்விட் குழுவின் முடிவு அசையாது. அந்தக் குழுவில் அவர் இல்லை.

பிறகு அமெரிக்காவே ஒரு பெரிய சோதனைக் களமாயிற்று. 2001-க்குள் ஃப்ளூ ஊசிகள் சில நீங்கலாகக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து தைமரோசல் நீக்கப்பட்டது, அல்லது சுவடு அளவுக்குக் குறைந்தது. பாதரசம் காரணமாக இருந்திருந்தால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டும். பெற்றோர் அமைப்புகளும் அதையே எதிர்பார்த்தன. கலிபோர்னியாவின் பதிவுகளை 2007 மார்ச் வரை ஆராய்ந்த ஷெக்டரும் கிரெதரும், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதை 2008-இல் காட்டினார்கள். நாடளாவிய கணக்கில் 2000-இல் எட்டு வயதுக் குழந்தைகள் 150 பேரில் ஒருவர். 2022-இல் 31 பேரில் ஒருவர். இந்த ஏற்றத்தில் நோயறிதல் விரிவடைந்ததன் பங்கு பெரிது. எப்படியானாலும், காரணம் என்று சொல்லப்பட்ட பொருள் பெருமளவு விலகிய பின் விளைவு குறையவில்லை. ஃப்ளூ ஊசியில் எஞ்சியிருந்ததும் ஆசிய ஆலைகளிலிருந்து காற்றில் வந்ததும் அந்த இடத்தை நிரப்பின என்று சொன்னவர்கள், அந்த அளவுகள் 187.5 மைக்ரோகிராமுக்கு ஈடாகும் என்பதை எண்களில் காட்டவே இல்லை.

பாதரச நஞ்சு எப்படி இருக்கும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956 முதல் கண்டறியப்பட்டவர்களுக்குக் கைகால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை குழாய்க்குள் பார்ப்பது போலச் சுருங்கியது, நாக்குக் குழறியது. கருவில் நஞ்சேறிய குழந்தைகள் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தார்கள். நரம்பியல் மருத்துவர்கள் கரின் நெல்சனும் மார்கரெட் பாமனும் 2003-இல் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். பார்வைச் சுருக்கமும் தள்ளாட்டமும் ஆட்டிசத்தின் அடையாளங்கள் அல்ல. நஞ்சேறிய குழந்தைகளின் தலை சிறுத்திருக்க, ஆட்டிசக் குழந்தைகள் பலரின் தலை சராசரியைவிடப் பெரிது. சீஷெல்ஸ் தீவுகளில் தாய்மார் நாளும் மீன் உண்கிறவர்கள். அவர்கள் முடியில் பாதரசம் சராசரியாகப் பத்து லட்சத்தில் 8.4 பங்கு. அவர்களின் பிள்ளைகள் 1,784 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவில், கருவில் பெற்ற பாதரசத்துக்கும் ஆட்டிசப் பண்புகளுக்கும் தொடர்பு தென்படவில்லை.

வழக்கு மன்றத்திலும் இந்தக் கருத்துக்கு முழு வாய்ப்பு கிடைத்தது. 5,000-க்கு மேற்பட்ட குடும்பங்களின் முறையீடுகளைச் சேர்த்து விசாரித்த அமெரிக்கத் தடுப்பூசி நீதிமன்றம், தைமரோசலை மட்டும் காரணமாகச் சொன்ன மூன்று மாதிரி வழக்குகளை 2010 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. பெற்றோர் தரப்பு தேர்ந்தெடுத்த நிபுணர்களின் சாட்சியம் முழுதும் கேட்கப்பட்ட பின் வந்த தீர்ப்பு அது.

இந்தத் தவறான நம்பிக்கைக்கான விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன், உலோகத்தை இழுத்து வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சையின்போது இறந்தான். அவன் நாளத்தில் ஏற்றிய டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ரத்தத்தின் கால்சியத்தைப் பறித்துக்கொண்டது, இதயம் நின்றது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் கீலேஷனை முறையாகச் சோதிக்கத் திட்டமிட்டு, 2008-இல் கைவிட்டது. ஈயம் ஏறாத எலிக்குட்டிகளுக்கு டி.எம்.எஸ்.ஏ. கொடுத்தபோது கற்கும் திறனில் நீடித்த பாதிப்பு வந்ததை ஓர் ஆய்வு காட்டியிருந்தது. நஞ்சு இல்லாத உடலில் நஞ்சு முறிக்கும் மருந்தே நஞ்சாகலாம். 2015-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஆட்டிசத்தில் கீலேஷன் பயன்தரும் என்பதற்குச் சான்று இல்லை, இடரே மிகுதி என்று முடித்தது.

இத்தனைக்குப் பின்னும் கருத்து ஓயவில்லை. ராபர்ட் கென்னடி ஜூனியர் 2005-இல் தைமரோசலைக் குற்றம் சாட்டி எழுதிய கட்டுரையை, அதை வெளியிட்ட இரு இதழ்களில் ஒன்றான சலோன் 2011-இல் திரும்பப் பெற்றது. அவரே அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலராகி, ஃப்ளூ தடுப்பூசிகளிலிருந்தும் தைமரோசலை விலக்கும் பரிந்துரையில் 2025 ஜூலையில் கையெழுத்திட்டார். ஒற்றை டோஸ் ஊசிகளை வாங்க வசதியுள்ள நாட்டில் இதனால் நேரும் இழப்பு சிறிது. பல டோஸ் குப்பிகளை நம்பியிருக்கும் நாடுகளில் அப்படியல்ல. இந்தியாவில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அறிமுகமானது. பல டோஸ் குப்பிகளில் வரும் அந்த மருந்தைக் கெடாமல் காப்பது தைமரோசல். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையும் தடுப்பூசிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஊசிக்கு அஞ்சி வீட்டில் நிறுத்திக்கொண்ட குழந்தைக்கு டிப்தீரியா வந்தால், அந்தச் சாவு எந்தப் பாதரசக் கணக்கிலும் ஏறாது.

ஆட்டிசத்தின் வேர் எங்கே என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதும் உண்மையன்று. மரபணுக்களின் பங்கு பெரிது. கர்ப்பிணிக்கு வரும் ரூபெல்லா, கர்ப்ப காலத்தில் உண்ணும் வால்புரோவேட் மாத்திரை ஆகியவை ஆபத்தை மிகுவிப்பது தெரிந்திருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த 11 ஆட்டிசக் குழந்தைகளின் மூளையில் 10-இல் புறணி அடுக்குகள் திட்டுத் திட்டாகக் குலைந்திருந்தன. அந்த அடுக்குகள் உருவாவது கருவில், முதல் தடுப்பூசிக்குப் பல மாதம் முன்பு. ரத்தப் பாதரசத்தை அளந்த அதே டேவிஸ் ஆய்வுக் குழுதான், கருத்தரிக்கும் காலத்தில் தாய் உண்ணும் வைட்டமின் மாத்திரைகளுக்கும் குறைந்த ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பையும், வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்துக்கும் மிகுந்த ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்பையும் பின்னர் வெளிக்கொணர்ந்தது. சுற்றுச்சூழலை ஆராயுங்கள் என்று பெற்றோர் வைத்த கோரிக்கைக்குக் கிடைத்த விடைகள் இவை.

பிள்ளையின் சிறுநீரில் பாதரசம் மிகுந்திருப்பதாகச் சொல்லும் தாள் ஒன்று கையில் கிடைத்தால், பெற்றோர் இரண்டு கேள்விகளை அவசியம் கேட்க வேண்டும். சிறுநீர் எடுப்பதற்கு முன் பிள்ளைக்கு உலோகம் இழுக்கும் மருந்து கொடுக்கப்பட்டதா? தாளில் ஒப்பிட்டிருக்கும் அளவு அந்த மருந்தை விழுங்கியவர்களுடையதா, விழுங்காதவர்களுடையதா? இவ்விரண்டுக்கும் எழுத்தில் விடை தராத எவரிடமும் பிள்ளையின் கையைக் கீலேஷன் ஊசிக்கு நீட்டக் கூடாது.